கனவும் காத்திருப்பும்: துயரக் காலத்தில் யூத மரபு என்ன செய்யச் சொல்கிறது? (கேள்வி பதில்)

யூத மரபில் நம்பிக்கை பெரும்பாலும் ஒரு வேலையாகவே வருகிறது. இத்தனை பேர் கூட வேண்டும், இத்தனை நாள் தரையில் உட்கார வேண்டும், சுவரில் இவ்வளவு இடத்தைப் பூசாமல் விட வேண்டும் என்று அதற்குக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் அதற்குள் இருக்கும் கரிசனமும் பிடிபடும். கீழே மிஷ்னா என்று வருவது கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட சட்டத் தொகுப்பு. தல்மூத் என்பது அதன்மேல் அடுத்த சில நூற்றாண்டுகள் நடந்த விவாதங்களின் பெருந்தொகுப்பு.

"நம்பிக்கை" என்று எதைச் சொல்கிறார்கள்? கடவுள் நம்பிக்கையும் இதுவும் ஒன்றா?

தமிழில் ஒரே சொல் மூன்று வேலை பார்க்கிறது. கடவுள்மேல் வைப்பதும் நம்பிக்கை, நண்பர்மேல் வைப்பதும் நம்பிக்கை, நாளை விடியும் என்பதும் நம்பிக்கை. எபிரேயத்தில் இவை தனித்தனி. எமுனா என்றால் பற்றுறுதி. பித்தஹோன் என்றால் பாரத்தைக் கடவுளிடம் இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாக இருப்பது. திக்வா என்றால் இன்னும் வராத ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருப்பது. இந்தப் பக்கம் திக்வாவைப் பற்றியது.

திக்வாவுக்குக் கயிறு என்ற பொருளும் உண்டு. யோசுவா 2ஆம் அதிகாரத்தில் எரிகோவின் ராகாப் தன் சன்னலில் கட்டும் சிவப்பு நூல் கயிற்றுக்கும் இதே சொல்தான். ஊர் விழுந்தபோது அவள் வீட்டாரைக் காப்பாற்றியது அந்தக் கயிறு. கையால் பிடிக்கக்கூடிய ஒரு பொருளின் பெயரே எதிர்பார்ப்புக்கும் பெயராக இருப்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கெட்ட கனவு கண்டு மனம் கலங்கினால் என்ன செய்ய வேண்டும்?

இதற்கென்றே ஒரு சடங்கு உண்டு. பெயர் ஹதவத் ஹலோம், அதாவது கனவை நல்லதாக்குவது. தல்மூத்தில் பெராகோத் என்ற பகுதியில் இது வருகிறது. 16ஆம் நூற்றாண்டுச் சட்ட நூலான ஷுல்ஹான் அரூக்கும் இதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. இன்றும் பல ஜெபப் புத்தகங்களில் இதன் முழு வாசகம் அச்சாகிறது.

கனவு கண்டவர் மூன்று பேரைக் கூட்டிக்கொள்வார். மூவரும் அவர்மேல் அன்புள்ளவர்களாக இருக்க வேண்டும். குருவோ குறி சொல்பவரோ தேவையில்லை. அவர் மூவருக்கும் முன்னால் உட்கார்ந்து, "நான் ஒரு நல்ல கனவு கண்டேன்" என்கிறார். அவர்கள், "அது நல்லதே, நல்லதாகவே ஆகட்டும், இரக்கமுள்ளவர் அதை நல்லதாக்கட்டும், அது நல்லதாகும்படி ஏழு முறை வானத்தில் விதிக்கப்படட்டும், அது நல்லதாகும்" என்று பதில் சொல்கிறார்கள். பிறகு ஒன்பது வேத வசனங்கள், மூன்று மூன்றாக. முதல் மூன்றும் ஒன்று வேறொன்றாகத் திரும்பியதைச் சொல்பவை. புலம்பலைக் கூத்தாடலாக மாற்றினீர் என்ற சங்கீதம் 30இன் வரி அவற்றில் ஒன்று. அடுத்த மூன்றும் மீட்பைப் பற்றியவை. கடைசி மூன்றும் சமாதானத்தைப் பற்றியவை. சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இந்த வாசகத்தில் கனவின் விவரம் எங்குமே வராது. பயந்தவர் பயத்தை மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து, அவருக்கு என்ன நேர வேண்டும் என்று விரும்புகிறார்களோ அதை வாய்விட்டுச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். தனியாக விழித்திருந்து அதையே நினைத்து உழல்வதைத் தடுக்க இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியாது.

மூன்று பேர் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஜெபக்கூடத்தில் ஆசாரியர்கள் ஆசி கூறும்போது, "நான் உம்முடையவன், என் கனவுகளும் உம்முடையவை, ஒரு கனவு கண்டேன், அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை" என்று தொடங்கும் வேண்டுதலைச் சொல்லலாம்.

யாரிடம் கனவைச் சொல்லக் கூடாது?

"கனவு வாயைப் பின்தொடரும்" என்பது தல்மூத்தின் தொடர். பலன் எப்படிச் சொல்லப்படுகிறதோ அப்படியே போகும் என்று அர்த்தம். எருசலேமில் 24 பேர் கனவுக்குப் பலன் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரே கனவை 24 பேரிடமும் சொன்ன ஒருவருக்கு 24 விதமான பலன் கிடைத்தது, அத்தனையும் பலித்தன என்று அதே பகுதி சொல்கிறது. ஆகவே அசட்டையாகப் பேசுபவரிடமோ உங்கள்மேல் பொறாமை கொண்டவரிடமோ கனவைக் கொண்டுபோகக் கூடாது.

காசுக்குப் பலன் சொன்ன பர் ஹேத்யா என்பவரின் கதையும் அங்கே உண்டு. அபாயே, ராவா என்ற இரண்டு அறிஞர்களும் ஒரே மாதிரியான கனவுகளோடு அவரிடம் போனார்கள். காசு கொடுத்த அபாயேவுக்கு நல்ல பலன், கொடுக்காத ராவாவுக்குக் கெட்ட பலன். ராவாவின் வாழ்க்கையில் துன்பத்துக்குமேல் துன்பம் வந்தது. ஒருநாள் பர் ஹேத்யாவின் கையிலிருந்து விழுந்த புத்தகத்தில் "எல்லாக் கனவும் வாயைப் பின்தொடரும்" என்று எழுதியிருந்ததைப் பார்த்தபோதுதான் ராவாவுக்கு விஷயம் புரிந்தது. நொந்துபோய் வந்தவரிடம் பேசும் எல்லோருமே இந்தக் கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அப்படியானால் எல்லாக் கனவுக்கும் பொருள் உண்டா?

இல்லை. கனவு தீர்க்கதரிசனத்தில் அறுபதில் ஒரு பங்கு என்று தல்மூத் சொல்கிறது. மற்ற பங்குகளை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். மனிதருக்கு அவர் மனத்தில் ஓடுவதுதான் கனவில் காட்டப்படுகிறது என்றும் அதே இடத்தில் வருகிறது. சான்று: பொன்னாலான பேரீச்ச மரத்தையோ ஊசிக்காதில் நுழையும் யானையையோ யாரும் கனவில் காண்பதில்லை.

பலிக்கும் கனவிலும் வெற்றுப் பகுதி இருக்கும். சூரியனும் சந்திரனும் 11 நட்சத்திரங்களும் வணங்குவதாக யோசேப்பு கண்டாரே, அதில் சந்திரன் அவருடைய தாய் ராகேல். ஆனால் அப்போது ராகேல் உயிரோடு இல்லை. உங்கள் கனவில் ஒரு பகுதி நடக்கவே முடியாமல் போனால், முழுக் கனவும் பொய் என்று முடிவுகட்ட வேண்டாம் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

நல்ல கனவுக்கு எத்தனை காலம் காத்திருக்கலாம்?

22 ஆண்டுகள். இது ரபி லேவியின் கணக்கு (ரபி என்றால் யூத மத ஆசிரியர்). யோசேப்பு கனவு கண்டபோது வயது 17. பார்வோன் முன் நின்றபோது 30. அதன்பின் செழிப்பான ஏழு ஆண்டுகள், பஞ்சத்தில் இரண்டு ஆண்டுகள். அப்போது வயது 39. அந்தச் சமயத்தில்தான் குடும்பம் முழுவதும் எகிப்துக்கு வந்து சேர்ந்தது. 39இல் 17 போனால் 22.

அந்த 22 ஆண்டுகளில் என்ன இருந்தது என்று பாருங்கள். குழியில் தள்ளப்பட்டார், விற்கப்பட்டார், பொய்க் குற்றச்சாட்டில் சிறைக்குப் போனார். சிறையில் அவரிடம் உதவி பெற்றவர் வெளியே போனதும் அவரை மறந்தார்; அந்த மறதி மட்டுமே இரண்டு ஆண்டு நீடித்தது. அந்த நாட்களில் யோசேப்பு தன் கனவைப் பற்றிப் பேசியதாக ஒரு வரிகூட இல்லை. அடுத்தவர் கனவைக் கேட்டுக்கொண்டிருந்தார். சிறையில் இருவரிடம், "இன்றைக்கு உங்கள் முகம் ஏன் வாடியிருக்கிறது?" என்று அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வெளியே போகும் வழி திறந்தது.

கனவுக்காக உண்ணாவிரதம் இருப்பார்களாமே?

இருந்திருக்கிறார்கள். பெயர் தானித் ஹலோம். கனவு கண்ட அதே நாளில் இருக்க வேண்டும், ஓய்வுநாளான சபாத்திலும் இருக்கலாம். ஆனால் சபாத்தின் மகிழ்ச்சியைக் கெடுத்ததற்காகப் பிறகு இன்னொரு நாள் உண்ணாவிரதம் இருந்து ஈடுகட்ட வேண்டும். ஷுல்ஹான் அரூக்கே ஒரு கருத்தைப் பதிவு செய்கிறது: எந்தக் கனவு கெட்டது என்று தீர்மானிக்கும் திறமை நமக்கு இன்று இல்லை, ஆகவே சபாத்தில் இப்படி உண்ணாவிரதம் இருக்கத் தேவையில்லை. இப்போது இந்தப் பழக்கம் அரிது. மூன்று நண்பர்களைத் தேடுவதே மேல்.

"கண்ணீரோடு விதைக்கிறவர்கள்" என்ற சங்கீதத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?

சங்கீதம் 126. தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கும் நன்றாகப் பழக்கமான பாட்டு. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியபோது சொப்பனம் காண்கிறவர்கள்போல் இருந்தோம் என்று தொடங்குகிறது. சபாத்திலும் பண்டிகைகளிலும் சாப்பிட்டு முடித்ததும், உணவுக்கு நன்றி சொல்லும் ஜெபத்துக்கு முன் இதை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். வார நாட்களில் அதே இடத்தில் "பாபிலோன் ஆறுகளண்டையில்" என்று தொடங்கும் 137ஆம் சங்கீதத்தைச் சொல்வது மரபு. உழைக்கும் நாட்களுக்கு அழுகைப் பாட்டு, ஓய்வு நாளுக்குத் திரும்பி வந்த பாட்டு. வாரம் தவறாமல் நாக்கு இரண்டையும் பழகிக்கொள்கிறது.

இந்த முதல் வரி ஒருவரை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது. ஹோனி என்ற பெரியவர். வட்டம் கீறி அதற்குள் நின்று மழை கேட்டவர். சிறையிருப்பு 70 ஆண்டு. 70 ஆண்டை ஒருவர் கனவாகவே கழிக்க முடியுமா என்று அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். வழியில் ஒருவர் கரோப் மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். இது காய்க்க எத்தனை வருடம் என்று கேட்டார் ஹோனி. எழுபது. அத்தனை காலம் இருப்பீர்களா? "நான் வந்தபோது உலகத்தில் கரோப் மரங்கள் இருந்தன. என் முன்னோர் எனக்கு நட்டதுபோல நானும் என் பிள்ளைகளுக்கு நடுகிறேன்" என்றார் அவர்.

பெரும்பாலும் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார்கள். தல்மூத் நிறுத்தவில்லை. ஹோனி அங்கேயே தூங்கி 70 ஆண்டு கழித்து எழுகிறார். மரத்தில் பழம் பறிப்பவர் நட்டவரின் பேரன். ஹோனி வீட்டுக்குப் போகிறார். மகன் இறந்துவிட்டான், பேரனுக்கு இவரைத் தெரியவில்லை. பாடசாலைக்குப் போகிறார், ஹோனி காலத்தில் இருந்ததுபோலப் பாடம் தெளிவாக இருக்கிறது என்று அவர் பெயரையே சொல்லிப் புகழ்கிறார்கள், ஆனால் எதிரில் நிற்பவர் ஹோனி என்று நம்ப ஒருவரும் இல்லை. மனம் ஒடிந்து சாவை வேண்டிக்கொண்டு இறந்துபோகிறார். "துணை இல்லையென்றால் சாவு" என்ற பழமொழியை ராவா இந்த இடத்தில்தான் சொல்கிறார்.

ஒரே கதைக்குள் இரண்டு 70 ஆண்டுகள். நட்டவர் போய்விட்டார், மரம் காய்த்தது. தூங்கியவர் பிழைத்திருந்தார், அவரை அறிந்தவர் இல்லை. கனவை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டு சுற்றியுள்ளவர்களை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தக் கதையைத்தான் படிக்கச் சொல்ல வேண்டும்.

எல்லாம் கைவிட்டுப் போகும் நேரத்தில் நடைமுறையில் என்ன செய்ய முடியும்?

எரேமியா 32ஐப் படியுங்கள். சிதேக்கியா அரசனின் 10ஆம் ஆண்டு. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. ஊர் விழும் என்று சொன்னதற்காக எரேமியா காவல்முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய சிற்றப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்து ஊரில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். மீட்கும் உரிமை பங்காளிக்குத்தான். பகைவன் கையில் போகப்போகும் நிலம். எரேமியா வாங்குகிறார்.

விலை 17 சேக்கல் வெள்ளி. ஒரு சேக்கல் சுமார் 11 கிராம் என்று வைத்தால் 190 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. சாட்சிகளை வைத்துக் கையெழுத்திட்டு, தராசில் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, பத்திரத்தை இரண்டு படியாக எழுதுகிறார்: ஒன்று முத்திரையிட்டது, ஒன்று திறந்தது. திறந்த படி யாரும் பார்ப்பதற்கு. முத்திரையிட்டது பின்னாளில் யாராவது திருத்தினால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. இப்படி இரட்டைப் படியாக எழுதிய பத்திரங்கள், சில நூற்றாண்டுகள் பிந்தியவை, யூதேயப் பாலைவனக் குகைகளில் கிடைத்திருக்கின்றன. பிறகு எழுத்தர் பாருக்கிடம், இரண்டையும் மண்பாண்டத்தில் வை, நெடுநாள் இருக்கட்டும் என்கிறார். இந்தத் தேசத்தில் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் மறுபடி விலைக்கு வாங்கப்படும் என்பதே காரணம்.

ஊர் விழும் என்பதை அவர் மறுக்கவே இல்லை. அதற்குப் பிறகும் ஒரு காலம் உண்டு, அந்தக் காலத்தில் செல்லுபடியாகும் ஒரு பத்திரம் வேண்டும் என்று வேலையை முடித்துவைத்தார். வேலை போன ஒருவர் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்துவதும், அகதியாகப் போகிறவர் பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டைப் பையில் வைப்பதும் இதே இனம்தான்.

சாவு விழுந்த வீட்டில் நம்பிக்கையைப் பற்றிப் பேசலாமா?

உடனே பேசக் கூடாது. இறந்தவரின் உடல் எதிரில் கிடக்கும்போது ஆறுதல் சொல்லாதே என்கிறது மிஷ்னாவின் அவோத் என்ற பகுதி. அடக்கம் முடிந்தபின் ஷிவா என்ற ஏழு நாள் துக்கம். அடக்கம் நடந்த நாளே முதல் நாள். ஏழாம் நாளில் காலையில் சிறிது நேரம் இருந்தாலே முழு நாளாகக் கணக்கு. துக்கத்தில் இருப்பவர் தாழ்வான இருக்கையில் உட்காருவார், தோல் செருப்பு அணியமாட்டார், வேலைக்குப் போகமாட்டார், வருகிறவர்களுக்காக எழுந்திருக்கவும் வேண்டாம்.

அடக்கம் முடிந்து வந்ததும் சாப்பிடும் முதல் உணவு அவருடைய வீட்டுச் சாப்பாடாக இருக்கக் கூடாது. அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும்: ரொட்டி, அவித்த முட்டை, பயறு. ஏன் மைசூர்ப் பருப்பு வகைப் பயறு? மற்றப் பயறுகளில் இருக்கும் வாய்போன்ற பிளவு அதில் இல்லை. துக்கத்தில் இருப்பவருக்கும் வாய் இல்லை என்கிறது தல்மூத். அது உருண்டையும்கூட, துக்கம் இன்று ஒரு வீடு, நாளை இன்னொரு வீடு என்று உருண்டு வரும்.

துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் அதிகம் தவறுவது பேச்சில். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது என்பது விதி. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்ததை அதற்கு முன்மாதிரியாகக் காட்டுவார்கள். அந்த நண்பர்கள் கெட்டுப்போனது அதன்பிறகு காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான். "எல்லாம் நன்மைக்கே", "உனக்கு இன்னும் பிள்ளை பிறக்கும்" என்பவையெல்லாம் அங்கே சொல்லத் தகாதவை. எழும்போது, "சீயோன், எருசலேமுக்காகத் துக்கப்படும் மற்றவர்களோடு சேர்த்து இறைவன் உங்களைத் தேற்றட்டும்" என்ற ஒரு வாக்கியம் போதும். செப்பர்திய யூதர்கள், "வானத்திலிருந்து உங்களுக்கு ஆறுதல் வரட்டும்" என்பார்கள்.

துக்கத்துக்கு ஓர் அளவு உண்டா?

கி.பி. 70இல் உரோமர் இரண்டாம் ஆலயத்தை இடித்தபின் பலர் இறைச்சியையும் திராட்சை ரசத்தையும் விட்டுவிட்டார்கள். பலிபீடமே இல்லை, நமக்கு எதற்கு என்றார்கள். ரபி யெகோசுவா அவர்களிடம் போனார். அப்படியென்றால் ரொட்டியும் வேண்டாம், மாவுக் காணிக்கை நின்றுவிட்டது. பழமும் வேண்டாம், முதற்பலன் காணிக்கையும் நின்றுவிட்டது. தண்ணீரும் வேண்டாம், தண்ணீர் வார்க்கும் சடங்கும் நின்றுவிட்டது. அவர்களுக்குப் பேச்சு வரவில்லை. துக்கமே கொண்டாடாமல் இருக்கவும் முடியாது, தாங்கமுடியாத அளவுக்குத் துக்கம் கொண்டாடவும் முடியாது என்று அவர் சொல்லிவிட்டு அளவு கொடுத்தார்: வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசு, ஆனால் கொஞ்சம் விட்டுவை.

அந்தக் கொஞ்சம் ஒரு முழத்துக்கு ஒரு முழம். கணக்கிடும் முறையைப் பொறுத்து ஏறக்குறைய 48 முதல் 58 செ.மீ. சதுரம். வாசலுக்கு எதிர்ச்சுவரில், நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். மற்றச் சுவரெல்லாம் வெள்ளையாக இருக்கலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை, யூத நாட்காட்டியின் ஆவ் மாதம் 9ஆம் நாள், ஆலயம் இடிந்த நாளின் நினைவு. சூரிய அஸ்தமனத்திலிருந்து மறுநாள் இரவுவரை, சுமார் 25 மணி நேரம் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. தரையில் உட்கார்ந்து புலம்பல் புத்தகம் வாசிப்பார்கள். அந்தப் புத்தகம் கசப்பில் முடிவதால், கடைசிக்கு முந்திய வசனமான "எங்களை உம்மிடத்தில் திருப்பிக்கொள்ளும்" என்பதை மறுபடி ஒருமுறை சேர்ந்து சொல்லித்தான் நிறுத்துவார்கள். நண்பகல் கடந்தால் நாற்காலியில் உட்காரலாம். வரவிருக்கும் மீட்பரான மேசியா பிறப்பது இந்த நாளில்தான் என்று ஒரு பழைய மரபும் உண்டு. அடுத்த சபாத்திலிருந்து ஏழு வாரம் ஏசாயாவின் ஆறுதல் பகுதிகள் தொடரும்.

வேண்டிக்கொண்டும் நடக்கவில்லையென்றால்?

இரண்டு விதிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கூரிய வாள் கழுத்தின்மேல் இருந்தாலும் இரக்கத்தை வேண்டுவதை விடாதே என்பது ஒன்று. சாவாய் என்று ஏசாயா வந்து சொன்னபின்னும் எசேக்கியா அரசன் இந்த மரபைச் சொல்லி வேண்டிக்கொண்டு 15 ஆண்டு கூடுதலாகப் பெற்றதாகத் தல்மூத் விவரிக்கிறது.

மற்றொன்று மிஷ்னாவில் உள்ளது: நடந்து முடிந்ததை மாற்றச் சொல்லி வேண்டுவது வீண் ஜெபம். ஊருக்குத் திரும்பும் வழியில் அலறல் கேட்டால், "அது என் வீடாக இருக்கக் கூடாது" என்று வேண்டுவது அதற்கு உதாரணம். அலறல் ஏற்கெனவே ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்துவிட்டது. வாள் இன்னும் வெட்டவில்லை, அலறல் கேட்டுவிட்டது. உங்கள் விஷயம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பரிசோதனை முடிவு வந்தபின் முடிவு மாற வேண்டும் என்று உருகுவதில் ஒருவர் தன்னை அழித்துக்கொள்ளலாம். அடுத்து என்ன சிகிச்சை, அதில் என்ன நேரும் என்பது இன்னும் திறந்தே இருக்கிறது, வேண்டுதலுக்கு அங்கே இடம் உண்டு.

நெடுங்காலம் காத்திருப்பது இதயத்தை இளைக்கப்பண்ணும் என்று நீதிமொழிகள் 13 ஒப்புக்கொள்கிறது. அதற்குத் தல்மூத் சொல்லும் மருந்து படிப்பு. பலனையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணை வேறொன்றில் பதிய வைப்பது.

நம்பிக்கை தவறிப்போகுமா?

மிக மோசமாகத் தவறியிருக்கிறது. கி.பி. 132இல் உரோமுக்கு எதிராக எழுந்த பர் கோக்பாவை மேசியா என்று சொன்னவர் ரபி அகிவா, அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆசிரியர். ரபி யோகனான் பென் தோர்தா மட்டும், "அகிவா, உன் கன்னத்தில் புல் முளைக்கும், அப்போதும் அவர் வந்திருக்கமாட்டார்" என்றார். 135இல் கிளர்ச்சி நசுக்கப்பட்டது, யூதேயாவே பாழானது.

1660களில் சப்பதாய் ட்ஸ்வி. அவர்தான் மேசியா என்ற செய்தி ஏமனிலிருந்து ஆம்ஸ்டர்டாம்வரை பரவியது. ஹாமெல்ன் ஊரைச் சேர்ந்த கிளிக்கெல் என்ற வணிகப் பெண்மணி தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்: அவருடைய மாமனார் புனித நாட்டுக்குக் கப்பல் ஏறத் தயாராகி, துணிமணிகளோடு பட்டாணி, அவரை, உலர்ந்த இறைச்சி, உலர்ந்த பழங்கள் அடைத்த இரண்டு பெரிய பீப்பாய்களை ஹாம்பர்க்குக்கு அனுப்பிவைத்தார். பீப்பாய்கள் ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றன. இறைச்சி கெட்டுவிடுமே என்று பிறகு பிரித்து எடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ட்ஸ்வி 1666இலேயே சுல்தான் முன் மதம் மாறியிருந்தார். அந்தப் பீப்பாய்களைப் பற்றிப் படிக்கும்போது கண் கலங்காமல் இருப்பது கடினம்.

இதனால்தான் முடிவுகாலத்தைக் கணக்கிடுகிறவர்களைத் தல்மூத் கடுமையாகச் சபிக்கிறது. தேதி குறித்தால், தேதி கடந்ததும் மக்கள் இனி வரவே வராது என்று சொல்லிவிடுவார்கள் என்பது அங்கேயே கொடுக்கப்பட்ட காரணம். ரபன் யோகனான் பென் ஸக்காய் சொன்ன வழி இதற்கு எதிர்ப்பக்கம்: கையில் மரக்கன்று இருக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்று சொன்னால், முதலில் கன்றை நடு, பிறகு அவரை வரவேற்கப் போ.

கடவுளிடம் கோபப்படலாமா?

படலாம், அதற்கும் நெடிய மரபு உண்டு. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் இருந்த பியாசெச்னோ ரெபி கலோனிமுஸ் கல்மான் ஷபிராவைச் சொல்ல வேண்டும். 1939 செப்டம்பர் குண்டுவீச்சின்போது மகனையும் மருமகளையும் இழந்தவர். அந்த நவம்பரில் சாராளின் மரணத்தைப் பற்றிப் பிரசங்கித்தபோது, தாங்கமுடியாத துன்பம் மனிதரைப் பக்குவப்படுத்துவதில்லை, நொறுக்கிவிடுகிறது என்றார். ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடப் போனதைக் கேட்டுச் சாராள் இறந்தது, இஸ்ரவேலால் இவ்வளவு தாங்க முடியாது என்று கடவுளுக்குக் காட்டத்தான் என்று விளக்கினார். 1942வரை எழுதினார். கையெழுத்துப் பிரதிகள் ரிங்கல்புளூம் குழுவின் இரகசிய ஆவணங்களோடு பால் கேனில் வைத்துப் புதைக்கப்பட்டன. 1943 நவம்பரில் அவர் கொல்லப்பட்டார். போருக்குப்பின் தோண்டி எடுக்கப்பட்ட அந்தப் பிரதிகள் 1960இல் அச்சேறின.

தினமும் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

பிரஸ்லாவ் ரபி நக்மான் (1772–1810) இரண்டு பழக்கங்களைக் கொடுத்தார். குழந்தைகளைப் பறிகொடுத்தவர், காசநோயில் 38 வயதில் இறந்தவர். சும்மா சொன்னவர் அல்லர்.

ஒன்று: தினமும் ஒரு மணி நேரம் தனியிடத்தில், ஜெபப் புத்தகம் இல்லாமல், தாய்மொழியில் கடவுளோடு பேசுவது. வார்த்தை வராவிட்டால், வார்த்தை வரவில்லை என்பதையே சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல்தான் வருகிறதா, அதையே நாள் கணக்கில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

மற்றொன்று: தன்னிடம் ஒரு நல்ல புள்ளியைத் தேடுவது. தேடினால் அதிலும் கலப்பு தெரியும். நல்லதைச் செய்தேன், ஆனால் பெருமைக்காகச் செய்தேன் என்று. அந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விடாமல், அந்தக் கலப்புக்குள்ளும் ஒரு நல்ல துளி இருந்திருக்கும், அதை எடுத்துக்கொள், பிறகு அடுத்ததைத் தேடு என்கிறார். இசைச் சுரங்களைச் சேர்ப்பதுபோல.

உலகம் ஒரு குறுகிய பாலம், பயப்படாமல் இருப்பதே முக்கியம் என்று அவர் பெயரில் பாடப்படுவது சற்று மாறிய வடிவம். மூலத்தில் இருப்பது, தன்னைத்தானே பயமுறுத்திக்கொள்ளாமல் இருப்பது. பயம் வருவதை யாராலும் தடுக்க முடியாது; அதை ஊதிப் பெருக்குவதை நிறுத்தலாம்.

இவ்வளவும் செய்தும் எழுந்திருக்கவே முடியவில்லையே?

அது உங்கள் குறை அல்ல. ரபி யோகனான் பத்துப் பிள்ளைகளை இழந்தவர். நோயாளிகளிடம் போய், "இந்தத் துன்பம் உனக்குப் பிரியமா?" என்று கேட்பார். "துன்பமும் வேண்டாம், அதற்கான பலனும் வேண்டாம்" என்று பதில் வந்தால், கையைக் கொடு என்று தூக்கிவிடுவார். பிறகு அவரே நோயில் விழுந்தார். ரபி ஹனினா வந்து அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கி, கையைப் பிடித்துத் தூக்கினார். பிறரைத் தூக்கிவிட்டவர் தன்னையே ஏன் தூக்கிக்கொள்ளவில்லை என்று தல்மூத் கேட்கிறது. கைதி தன்னைத்தானே சிறையிலிருந்து விடுவித்துக்கொள்ள முடியாது என்பது பதில்.

உயிர் காப்பது சபாத்தையே தள்ளிவைக்கும். தற்கொலை எண்ணம் உயிராபத்து. சபாத்தன்றும் தொலைபேசியை எடுக்க வேண்டும், மருத்துவரிடம் போக வேண்டும். மருந்து எடுப்பது நம்பிக்கைக் குறைவு என்று சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஹனுக்கா விளக்குகளை ஏன் ஒவ்வொன்றாகக் கூட்டுகிறார்கள்? வசதி இல்லாதவர் என்ன செய்வது?

ஹனுக்கா எட்டு இரவு விளக்கேற்றும் யூதத் திருநாள். பழங்கால அறிஞர்களில் ஷம்மாய் பள்ளியினர் எட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார்கள். ஹில்லேல் பள்ளியினர் ஒன்றில் தொடங்கிக் கூட்டச் சொன்னார்கள். புனிதமானதில் ஏறலாம், இறங்கக் கூடாது என்றார்கள். அவர்கள் சொன்னதே நிலைத்தது. எட்டு இரவுக்கும் 36 விளக்கு, ஏற்றிவைக்கும் துணை விளக்கையும் சேர்த்தால் 44. இருட்டியபின் குறைந்தது அரை மணி நேரம் எரியும் அளவுக்கு எண்ணெயோ மெழுகோ இருக்க வேண்டும், ஊற்றும்போதே அளந்துகொள்ளுங்கள்.

கூட்டிக்கொண்டே போவது சிறப்பு, கட்டாயம் அல்ல. வீட்டுக்கு இரவுக்கு ஒரு விளக்கு என்பதே அடிப்படைக் கடமை. வெள்ளி மாலை வந்து, ஒரே ஒரு விளக்குக்குத்தான் காசு இருக்கிறது என்றால், ஹனுக்கா விளக்கை விட்டுவிட்டு சபாத்துக்கான வீட்டு விளக்கை ஏற்ற வேண்டும். வீட்டார் இருட்டில் தடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதே காரணம்.